குதிரைக்குக் கொடுத்த வெற்றிலை பாக்கு

2024 ஒக்ரோபர் 12, சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. நல்ல வெயில்தான், ஆனால் காற்று காதைக் கடித்தது. காரின் சின்னத் திரை ஒன்பது பாகை என்று காட்டியது. அன்று விஜயதசமி. ரொறன்ரோவிலிருந்து மேற்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில், ஒரு குதிரை லாயத்தின் வாசலில், தீயணைக்கும் சிலிண்டரைக் கையில் பிடித்தபடி நான் நின்றேன்.

உள்ளே என் தம்பி பூசைக்கு அடுக்கிக்கொண்டிருந்தான். லாயம் முழுக்க வைக்கோல், மேலே மரக்கூரை. சூடம் கொளுத்தக் கூடாது என்று முதல் நாளே சொல்லி, பற்றரியில் எரியும் விளக்கொன்றை வாங்கிக் கொடுத்திருந்தேன். அப்படியிருந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. வெளியே போகும் கதவுகள் எத்தனை என்று பார்த்தேன். மூன்று. அதில் ஒன்று ஒட்டிப்போய்த் திறக்க முடியாமல் இருந்தது.

தம்பிக்கு அறுபத்தாறு வயது, என்னிலும் எட்டு வயது இளையவன். மனைவி செத்த பிறகு ரொறன்ரோவில், வோபர்னில் இருக்கும் எங்கள் வீட்டு பேஸ்மென்றுக்குக் குடிவந்தான். வந்து ஒரு வருசத்துக்கு மேலாக அவன் வாயிலிருந்து நாங்கள் கேட்ட சொற்கள் மூன்று: ஓம், இல்லை, காணும். கடைசிச் சொல், சாப்பாடு போதும் என்பதற்கு. அவன் வேலை செய்த பெட்டி அடைக்கும் தொழிற்சாலையும் அந்த நாட்களிலேயே மூடப்பட்டது. அங்கே அவனோடு வேலை செய்த ஒருவர் இந்த லாயத்தில் சாணம் அள்ள ஆள் வேண்டுமாம் என்று கூட்டிக்கொண்டு போனார். முதல் கிழமை முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டில், ஒரு குதிரையின் குளம்பைப் பற்றித் தம்பி பேசத் தொடங்கினான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்; இருபது நிமிடம் பேசினான். என் மனைவி அகப்பையைப் பிடித்த கையோடு நின்றுவிட்டா.

அதனால்தான் நான் ஒன்றும் தடுக்கவில்லை. குதிரை உதைக்கும், பனிக்காலத்தில் நெடுஞ்சாலை வழுக்கும், அறுபது வயதுக்கு மேல் எலும்பு முறிந்தால் பொருந்தாது என்று எனக்குள் ஒரு பட்டியலே இருந்தது. அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் அவன் குதிரை பராமரிப்பதற்கான லைசென்ஸும் எடுத்துவிட்டான். அதில் இருந்த படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் பார்த்த குதிரை எட்டு வயது, மண்ணிறம். கோயில் தர்மகர்த்தா மாதிரி நிற்கிறது என்று அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தான். முதுகில் ஆள் ஏறி ஓட்டும் பந்தயம் அல்ல இது. இரண்டு சில்லு வைத்த இலேசான வண்டியொன்றைப் பின்னால் பூட்டி, அதில் சாரதி இருந்து ஓட்டுவார். குதிரை நான்கு கால் பாய்ச்சலில் பாயக் கூடாது. பழக்கிய நடையிலேயே வேகமாகப் போக வேண்டும். பாய்ந்தால் அதைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். பெரியவர் பாயமாட்டார், வெல்லவும் மாட்டார். அன்றைக்கு முந்திய மூன்று ஓட்டத்தில் எட்டாவது, எட்டாவது, ஒன்பதாவது.

பூசையைத் தம்பிதான் கேட்டு வாங்கினான். லாயத்தின் பயிற்சியாளர் அறுபது வயதுப் பெண். அவவின் தகப்பனும் பாட்டனும் இதே தொழில். பதினொரு குதிரைகள் அவவின் பொறுப்பில் இருந்தன. தொழில் செய்யும் ஆயுதங்களுக்கு வருசத்தில் ஒரு நாள் நன்றி சொல்லுவோம் என்று தம்பி விளங்கப்படுத்த, "என் குதிரைகளுக்கு எந்த உதவியும் நல்லதுதான்" என்று சிரித்தாவாம். வண்டிச் சில்லு, கடிவாளம், வார், உடம்பு தேய்க்கும் தூரிகை, குளம்பு துப்புரவாக்கும் கொளுக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தான். தட்டத்தில் அவல், கடலை, சர்க்கரை, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு.

"சர்க்கரையைக் குதிரைக்குக் குடுத்திடாதை. பல்லுக்குக் கூடாது" என்றேன்.

"அண்ணை, அவருக்கு உங்களைவிடப் பல்லு நல்லது."

தேங்காய் உடைத்த சிரட்டைத் துண்டுகள் குளம்பில் குத்தும் என்று குனிந்து பொறுக்கினேன். ஏழு துண்டு. பொருத்திப் பார்த்து ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதி செய்தேன்.

பூசை முடிந்ததும் தம்பி இரண்டு கையாலும் வெற்றிலை பாக்கும் பழமும் எடுத்துப் பயிற்சியாளரிடம் நீட்டினான். "மிஸிஸ், திஸ் இஸ் ரெஸ்பெக்ட்." அவ வெற்றிலையை மணந்து பார்த்துவிட்டு ஜக்கெற் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு, தொலைபேசி அடிக்க வெளியே போனா. அடுத்தது எனக்கு. அதற்குப் பிறகு ஒரு வெற்றிலைக்குள் பாக்குச் சீவல் கொஞ்சம் வைத்து மடித்து, உள்ளங்கையை விரித்துக் குதிரையின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். அது உதட்டால் பொறுக்கி எடுத்து மென்றது.

"அவருக்கும் குடுக்கத்தானே வேணும், அண்ணை. அவரின்ர காலிலதானே இஞ்ச எல்லாற்ற சீவியமும் போகுது."

"வாழைப்பழத்தை உரிச்சுக் குடு" என்றேன் நான். தோலில் மருந்து அடித்திருப்பார்கள் என்பது என் பயம்.

அன்று பின்னேரம் ஏழு மணி ஓட்டத்தில் பெரியவர் வென்றார். நான் பந்தயம் கட்டுகிறவன் அல்ல. பந்தயத் திடலின் கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். கடைசி வளைவில் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்த குதிரை, வெளிப்பக்கத்தால் சுற்றி ஒவ்வொன்றாகக் கடந்தது. அரைத் தலை வித்தியாசம். தம்பி கத்தவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

வென்ற குதிரையை நேரே சோதனைக் கொட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பராமரிப்பவன் கூடவே போக வேண்டும். அங்கே ஒரு அலுவலர் நீளத் தடியில் கட்டிய கோப்பையோடு காத்திருப்பார். குதிரை மூத்திரம் பெய்யும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள். பெய்ய வைக்க விசில் அடிப்பார்களாம். தம்பி ஐம்பது நிமிடம் விசில் அடித்திருக்கிறான். பிறகு அதை இரண்டு போத்திலில் பிரித்து ஊற்றி, இலக்கம் ஒட்டி, முத்திரை வைத்து மூடினார்கள். ஒன்று ஆய்வுகூடத்துக்கு. மற்றது, யாராவது முடிவை எதிர்த்தால் வேறோர் ஆய்வுகூடத்தில் பார்ப்பதற்காகக் குளிரில் வைப்பது.

"என்ர கையெழுத்து இல்லாமல் போத்திலை மூட ஏலாதாம், அண்ணை" என்று காரில் வரும்போது சொன்னான். வீடு வருமட்டும் அதையே இரண்டு மூன்று விதமாகச் சொன்னான்.

நொவெம்பர் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பந்தய ஆணையத்தின் ஆட்கள் இருவர் லாயத்துக்கு வந்தார்கள். குளிர்ப்பெட்டி, தீன் பெட்டிகள், மருந்து அலுமாரி, தம்பியின் உடுப்புப் பை எல்லாம் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பயிற்சியாளரிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். குதிரையின் மூத்திரத்தில் அகப்பட்ட பொருள் என்று அதில் அரிகோலின் என்று ஒரு சொல். லாயத்தில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாது. பயிற்சியாளர் அந்தச் சொல்லைத் தன் தொலைபேசியில் அடித்துப் பார்த்துவிட்டு, வந்த படத்தைத் தம்பியிடம் காட்டியிருக்கிறா. பாதியாக வெட்டிய பாக்கு.

"பிறகு மிஸிஸ், அண்ணை, ஜக்கெற் பொக்கெற்றுக்குள்ள கையை விட்டு, அண்டைக்கு நான் குடுத்த வெத்திலையை எடுத்தவ. கறுத்துக் காய்ஞ்சு போய்க் கிடந்தது. அதையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தவ."

பாக்கில் உள்ள அந்தச் சத்து நரம்பைத் தூண்டுமாம். குதிரைக்குக் கொடுக்கக் கூடாதவற்றின் பட்டியலில் அது இருக்கிறது. என் தகப்பன் சாப்பிட்ட பிறகு நாள்தோறும் போட்டது அது. கலியாண வீட்டில் வாசலிலேயே தட்டத்தில் வைத்து நீட்டுவது.

ஆணையத்தின் விதிகளை முழுவதும் வாசித்தேன். எனக்கு விளங்கியது இதுதான். குதிரையின் உடம்பில் என்ன இருந்தாலும் அதற்குப் பயிற்சியாளர் பொறுப்பு. தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. வெற்றி போய்விடும், பரிசுப் பணம் திரும்பிவிடும், குதிரை தொண்ணூறு நாள் ஓட முடியாது. இவ்வளவும் போத்திலைப் பார்த்து முடிவாகிற விசயங்கள். ஏன் கொடுத்தாய், என்ன நினைத்துக் கொடுத்தாய் என்பதை அதற்குப் பிறகுதான் கேட்பார்கள், தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ. முதலில் எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். முதலே மனத்தைக் கேட்பதென்றால் எல்லாரும் ஒரு நல்ல மனத்தைத் தயாராக வைத்திருப்பார்கள். குதிரை வாய் திறந்து சொல்லப்போவதில்லை. அந்த விதியில் என்னால் பிழை பிடிக்க முடியவில்லை.

ஆனாலும் இரண்டாவது போத்திலைச் சோதிக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். அதற்கான செலவு கேட்பவருடையது.

"ஏன் அண்ணை? நான்தானே குடுத்தனான்."

"போத்தில் மாறியிருக்கலாம்."

"என்ர கண்ணுக்கு முன்னாலதானே மூடினவங்கள்."

"நீ பேசாமல் இரு."

நான்கு கிழமை காத்திருந்தோம். அதே அரிகோலின்.

தம்பியின் லைசென்ஸ் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவன் காலை நான்கரைக்கே எழும்பிப் பழகியவன். இப்போதும் எழும்பி, உடுப்பு மாற்றி, பேஸ்மென்ற் கட்டிலில் உட்கார்ந்திருப்பான். அந்த லைசென்ஸ் போனால் இவன் திரும்பவும் அந்த மூன்று சொற்களுக்குப் போய்விடுவான் என்று எனக்கும் மனைவிக்கும் தெரியும்.

வெக்ஸ்போர்டில் ஒரு கடைத்தொகுதிக்கு மேல் அலுவலகம் வைத்திருந்த வழக்கறிஞரைப் பிடித்தோம். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. வீடு விற்பது வாங்குவதற்குப் பத்திரம் எழுதுவதுதான் அவவின் தொழில். ஆனால் ஆணையத்தின் விதிப் புத்தகத்தை நாங்கள் போக முன்பே வாசித்து வைத்திருந்தா.

"அங்கிள், லிஸின். நீங்கள் வெத்திலை போடுறனீங்களா?" என்று தம்பியைக் கேட்டா.

"இல்லைப் பிள்ளை. கலியாண வீட்டில எப்பவாவது."

"ஓகே, தட்ஸ் இனஃப். அண்டைக்குப் பூசையில போட்டனீங்கள். கை கழுவேல்லை. அதே கையால குதிரைக்குச் சாப்பாடு வைச்சனீங்கள். அப்பிடி எண்டால் அது கொன்ராமினேஷன், தெரியாமல் கலந்தது. உங்களுக்கு ஒரு வார்னிங், மிஸிஸுக்குச் சின்ன ஃபைன். யூ கோ பாக் ரு வேர்க்."

"நான் அண்டைக்குப் போடேல்லையே."

"அங்கிள், நீங்கள் கையால குடுத்தனான் எண்டு சொன்னால் அவை அதை வேற பெட்டிக்குள்ள போடுவினம். கிவிங் எ ட்ரக். தட்ஸ் அ வெரி டிஃபரன்ற் திங்."

தம்பி என்னைப் பார்த்தான். அவன் சின்ன வயதில் இருந்தே இப்படித்தான். கேள்வி கஷ்டமானால் என் பக்கம் திரும்புவான். நான் சொன்னேன்: "பிள்ளை சொல்லுறதில என்ன பிழை? பாக்கு தவறித் தீன் வாளிக்குள்ள விழுந்தது எண்டு சொல்லு. அதுவும் நடக்கக்கூடியதுதானே."

"நடக்கேல்லையே."

"ஆர் பார்த்தது?"

"பெரியவர் பார்த்தவர்" என்றான். அவன் பகிடி விடுகிறானா இல்லையா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. காருக்கு வந்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னான். "மரியாதைக்குக் குடுத்ததைக் கை தவறி விழுந்தது எண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது? குடுக்கேல்லை எண்டுதானே வரும்."

விசாரணை பெப்ரவரியில். நெடுஞ்சாலை ஓரத்துக் கண்ணாடிக் கட்டிடத்தில் நான்காம் மாடி. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் முன்பு பந்தய வண்டி ஓட்டினவர் என்று பயிற்சியாளர் சொன்னா. இடது கை மணிக்கட்டு வளைந்திருந்தது. நான் உறவு என்பதால் மொழிபெயர்க்க விடவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்.

"உங்கள் கையால் கொடுத்தீர்களா?" என்று நடுவர் கேட்டார்.

"ஓம்."

"தற்செயலாகவா?"

வழக்கறிஞர் பிள்ளை பேனையைக் கீழே வைத்தா.

"இல்லை. வெத்திலைக்குள்ள வைச்சு மடிச்சுக் குடுத்தனான்."

"எதற்காக?"

"மரியாதைக்கு."

மொழிபெயர்ப்பாளர் இந்த ஒரு சொல்லுக்கு நான்கு வசனம் சொன்னார். நடுவர் எழுதிக்கொண்டார். வேறு யாருக்கும் கொடுத்தீர்களா என்று கேட்டார். மிஸிஸுக்கும் அண்ணைக்கும் என்றான் தம்பி. நடுவர் என் பக்கம் திரும்பி, நான் அதைச் சாப்பிட்டேனா என்று கேட்டார். ஓம் என்றேன். ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்றார்.

"காது கொஞ்சம் சூடானது. வேகம் கூடவில்லை" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்தா. சிரிப்பு முடிந்த பிறகு அந்த நடுவர் தம்பியின் பக்கம் திரும்பினார். தான் கேட்டதில் இதுதான் மிக நேர்மையான பதில் என்றும், அதனாலேயே தனக்கு இது கஷ்டமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

பதினொரு நாளில் தீர்ப்பு வந்தது. பயிற்சியாளருக்குப் பதினைந்து நாள் தடையும் தண்டப் பணமும். தம்பிக்கு ஒரு வருசத் தடையும் தண்டப் பணமும். கெட்ட எண்ணம் இல்லாததால் குறைத்தது என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வருசமும் பந்தயத் திடல் எதற்குள்ளும் அவன் கால் வைக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள எவரும் அவனை வேலைக்கு வைக்கக் கூடாது. ஆணையத்தின் இணையத்தளத்தில் அவன் பெயரும் பொருளின் பெயரும் வந்தன. மேலே, குதிரையின் வயிற்றுக்குள் குழாய் விட்டுச் சோடாக் கரைசல் ஊற்றிய ஒருவர். கீழே, இரத்தம் ஊற ஊசி போட்ட ஒருவர். மூன்று வரிகளுக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு.

அதை யாரோ வாசித்துவிட்டார்கள். தமிழ்க் கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது, பழக்கமான ஒருவர் கேட்டார்: "என்ன அண்ணை, தம்பி குதிரைக்கு ஊசி போட்டு வெண்டவராம்? எனக்கும் முழங்கால் ஏலாமல் கிடக்கு, கேட்டுச் சொல்லுங்கோவன்."

"ஊசி இல்லை, பாக்கு" என்றேன்.

"பாக்கோ? அப்ப என்ர மாமியார் ஒலிம்பிக் ஓடியிருக்க வேணும்."

மீன் வெட்டுகிறவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லவில்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் தம்பியை லாயத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். படலைக்கு வெளியே, தெருவோரத்தில் காரை நிறுத்தினோம். பயிற்சியாளர் வந்து, குதிரையை வேலியடிக்குக் கொண்டுவாறேன், தொட்டுப் பார் என்றா.

"வேண்டாம் மிஸிஸ். உங்களுக்குப் பிறகு கரைச்சல்" என்றான் தம்பி. தூரத்தில் குதிரை நின்றது. எங்கள் பக்கம் திரும்பியதோ, காற்றுக்குத் திரும்பியதோ.

தொண்ணூறு நாளும் ஓடாத குதிரைக்குத் தீனும் வைத்தியமும் சொந்தக்காரர்தான் கட்ட வேண்டும். அவருக்குப் பொறுமை இல்லை. தடை முடிந்து ஓடிய ஓட்டத்திலும் கடைசியாக வர, ஏப்ரலில் விற்றுவிட்டார். கிச்சினர் நகருக்கு அப்பால், கார் வைத்திருக்காத மெனனைற் கிறிஸ்தவ விவசாயி ஒருவர் வண்டில் இழுக்க வாங்கினாராம். பயிற்சியாளர் தம்பிக்குச் சொல்லத் துணியாமல் என்னை அழைத்துச் சொன்னா. நான் படியிறங்கிப் போய்ச் சொன்னேன்.

"நல்லது. இனி ஒருத்தரையும் முந்தத் தேவையில்லை" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அந்தக் கோடையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு கிச்சினர்ப் பக்கத்துத் தெருக்களில் காரில் திரிந்தேன். அந்த மெனனைற் ஆட்களுடைய தொழுகை வீட்டின் முற்றத்தில் வண்டில்கள் வரிசையாக நின்றன. ஒருநாள் எண்ணினேன், நாற்பத்தொன்று. எல்லாம் மண்ணிறக் குதிரை. தம்பி கண்ணாடியை இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தான், கடைசியில் கண்ணாடியை ஏற்றினான். ஐந்தாவது ஞாயிறு நான் காரைத் துடைத்து நிறுத்திக் கூப்பிட்டபோது, "காணும்" என்றான்.

இந்த வருசம் பெப்ரவரியோடு தடை முடிந்தது. லைசென்ஸுக்குத் திரும்ப விண்ணப்பிக்கும் படிவத்தை இறக்கி, கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் நிரப்பி, அவன் கட்டிலில் கொண்டுபோய் வைத்தேன். பயிற்சியாளரும் இடம் இருக்கிறது, வரட்டும் என்று சொல்லியிருந்தா. அதைச் சொன்னேன். புதுக் குதிரை ஒன்று வந்திருக்கிறதாம், இரண்டரை வயது, கடிக்கிற குணமாம் என்றும் சொன்னேன்.

"இல்லை" என்றான்.

போகத் திரும்பியபோது அவன் கேட்டான்: "அண்ணை, எல்லாமாய் எவ்வளவு செலவு முடிஞ்சது? மிஸிஸின்ர தண்டமும் நீங்கள்தானே கட்டினீங்கள்."

"ரெண்டாயிரம் வரும்" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒரு கணக்கை ‘வரும்’ என்று நான் சொல்லி அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனாலும் படிவத்தை இரண்டாக மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விளக்கை அணைக்கச் சொன்னான். அணைத்துவிட்டுப் படியின் கைபிடியைத் தடவிப் பிடித்து மேலே ஏறினேன். ஏழாயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு டொலர் நாற்பது சதம்.